ஆஷாவைத் தெரியாது என்ற ஜெபக்கனி அக்கா

திருப்பூர் மண்ணரையில் எங்கள் பனியன் கம்பெனிக்குள் காலெடுத்து வைத்தால், மிஷின் சத்தத்தையும் மீறி முதலில் காதில் விழுவது ஜெபக்கனி அக்காவின் குரல்தான். ஹால் முழுக்க ஓவர்லாக்கும் சிங்கரும் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருத்தியின் பேச்சு மட்டும் தனியாகக் கேட்கிறதென்றால், அது எப்பேர்ப்பட்ட தொண்டை என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். சாத்தான்குளத்துப் பக்கம் பிறந்தவள். கல்யாணமான கையோடு புருஷனுடன் திருப்பூருக்கு வந்து, டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, இப்போது லைனிலேயே கெட்டிக்கார ஓவர்லாக் டெய்லர். வந்து இத்தனை வருஷமாகியும் அவள் பேச்சில் எங்கள் ஊர் 'ங்க' ஒட்டவே இல்லை. முதலாளி ஆத்தப்பனிடமே "என்ன முதலாளி, சாப்டாச்சா?" என்றுதான் கேட்பாள். அவரும் சிரித்துக்கொண்டே "ஆச்சுங் அம்மிணி" என்பார்.

நான் சித்ரகலா. அவிநாசிக்காரி. அதே லைனில் செக்கிங். அக்கா தைத்துப் போடும் பீஸில் ஓட்டை இருக்கிறதா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அவள் மடியிலேயே திருப்பி எறிவது என் வேலை. ஆக, எங்கள் சிநேகம் சண்டையில்தான் ஆரம்பித்தது. "ஏட்டி, ஒனக்கு அது கண்ணா, பூதக்கண்ணாடியா?" என்று அவள் கத்துவாள். "ஒழுங்காத் தெச்சா நான் ஏனுங்க்கா திருப்பிப் போடறேன்?" என்று நான் கத்துவேன். மத்தியானம் பார்த்தால் இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அக்கா கொண்டுவரும் கருவாட்டுக் குழம்புக்காக எவ்வளவு திட்டு வேண்டுமானாலும் வாங்கலாம்.

அக்காவுக்கு இரண்டு விஷயங்கள் உசிர். ஒன்று கோயில். அதாவது சர்ச், தெற்கத்திக் கிறிஸ்தவர்கள் அதைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். அங்கே பாட்டுக் குழுவில் அவள்தான் முன்வரிசை. இன்னொன்று கதை சொல்வது. வேதப் புத்தகத்தில் இருக்கிற ஆட்களையெல்லாம் தன் ஊர் பஸ் ஸ்டாண்டில் பார்த்துவிட்டு வந்த மாதிரி பேசுவாள். யோனா என்றொருவர் மீன் வயிற்றுக்குள் கிடந்த கதையைக் கேட்டுவிட்டு நான் ஒரு வாரம் கருவாட்டையே தொடவில்லை. அவளுக்கும் அந்த ஒரு வாரம் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவளுக்கு ஜென்மப் பகை என்றால் பேதுருதான். ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டர் நெருங்கினால் சாப்பாட்டு நேரத்தில் பேதுருவுக்கு அர்ச்சனை ஆரம்பித்துவிடும்.

"ஏசப்பா கூடவே திரிஞ்சவம்ட்டி அவன். நீ என்னை மூணு மட்டம் தெரியாதும்ப, அதுக்கப்புறம் சேவல் கூவும்னு அவரு முன்னாடியே சொல்லிட்டாரு. செத்தாலும் சொல்ல மாட்டேன்னு இவன் வாய் கிழியப் பேசுனான். அன்னைக்கு ராத்திரியே அவரப் புடிச்சிட்டுப் போயிட்டாவ. இவன் அந்த வீட்டு முத்தத்துல தீக்காஞ்சிட்டு நிக்கான். ஒரு வேலக்காரப் பிள்ள வந்து, நீயும் அவரு கூட இருந்தவந்தானேன்னு கேக்கா. சின்னப் பிள்ளட்டி அது! அதுக்குப் பயந்து, அந்த மனுசன எனக்குத் தெரியாதுன்னுட்டான். இப்படியே மூணு மட்டம். ஒடனே சேவல் கூவிட்டு."

"அப்புறமுங்க்கா?"

"அப்புறம் என்ன, வெளிய போயி ஏங்கி ஏங்கி அழுதான். அழுது என்ன செய்ய? நானா இருந்தா, ஆமா தெரியும், இப்ப அதுக்கு என்னன்னு கேட்ருப்பேன்."

"பேசறதுக்குக் காசா பணமா, நீங்க பேசுங்க்கா" என்பேன். அவள் ஒரு கரண்டிக் குழம்பைக் குறைத்துவிடுவாள்.

ஆஷாவைத் திருப்பூருக்குக் கூட்டி வந்தது அக்காதான். அக்கா பிறந்த ஊருக்குப் பக்கத்து ஊர்ப் பெண். தகப்பன் இல்லை, தாய் பீடி சுற்றுகிறாள். "ஒங்க பிள்ளைக்கு நான் பொறுப்பு" என்று அந்தத் தாயிடம் சொல்லி அழைத்து வந்து, தன் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி வேறு இரண்டு பெண்களோடு தங்கவைத்து, சிங்கர் மிஷின் பழக்கி, பாட்டுக் குழுவிலும் சேர்த்துவிட்டாள். ஆஷா அவளைச் சித்தி என்று கூப்பிடுவாள். அந்தச் 'சித்தி'யைக் கேட்டால் அக்காவுக்கு முகம் பூத்துவிடும்.

சிங்கர் மிஷினில் ஊசிக்கு முன்னால் ஒரு சின்னக் கம்பித் தடுப்பு இருக்கும், விரல் ஊசிக்கடியில் போய்விடாமலிருக்க. அது இருந்தால் துணியை வேகமாகத் தள்ள முடியாது. ஷிப்மெண்ட் அவசரம் வந்தால் கம்பெனிகளில் முதலில் கழற்றுவது அதைத்தான். எங்கள் மேனேஜர் அருண்பாண்டியும் கழற்றச் சொன்னான். இந்த வருஷம் லெந்து நாட்களில், ஈஸ்டருக்கு முன்னால் அக்கா ஒருபொழுது இருந்துகொண்டிருந்த சமயத்தில், ஆஷாவின் வலது ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கி உள்ளேயே முறிந்துவிட்டது. முதலாளியே பதறிப்போய்த் தன் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அதையும் சொல்ல வேண்டும், மனுஷன் கெட்டவர் கிடையாது. ஆனால் அடுத்த வாரமே, எங்களிடம் பனியன் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள், வேலையாட்களை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்புவதாகத் தகவல் வந்தது. அவ்வளவுதான், எல்லாருக்கும் பயம் பிடித்துக்கொண்டது. ஆடிட் முடியும்வரை வர வேண்டாம் என்று ஆஷாவுக்குச் சொல்லிவிட்டார்கள். அவள் உட்கார்ந்த மிஷினில் வேறு பெண் உட்கார்ந்தாள்.

ஆடிட் என்றால் எங்களுக்குத் திருவிழா மாதிரி. தரையில் மஞ்சள் கோடு புதிதாகப் பளபளக்கும். பாத்ரூமுக்கு எங்கிருந்தோ சோப்பு வந்து சேரும். கழற்றிய தடுப்பெல்லாம் மிஷினில் ஏறி உட்காரும். அதோடு அருண்பாண்டி எங்களை வரிசையாக நிற்கவைத்துப் பாடம் நடத்துவான். எத்தனை மணி நேர வேலை? எட்டு. ஞாயிற்றுக்கிழமை வேலை உண்டா? இல்லை. யாருக்காவது அடிபட்டதுண்டா? இல்லவே இல்லை. இந்த வருஷம் புதிதாக ஒரு பாடமும் சேர்ந்தது. ஆஷா என்று யாராவது உண்டா? கிடையாது.

அன்று சாயங்காலம் அவன் ஜெபக்கனி அக்காவைத் தனியாகக் கூப்பிட்டான். நான் பக்கத்தில் பீஸ் அடுக்குகிற சாக்கில் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன்.

"அக்கா, உங்கள மாதிரி வேதக்காரவங்க சொன்னா மறு பேச்சில்லாம நம்பிருவாக. நீங்க மட்டும் நல்லபடியாப் பேசிவிடுங்க. இனி எந்த ஷிப்மெண்ட்டு வந்தாலும் உங்களுக்கு ஞாயித்துக்கிழமை லீவு. இது என் பொறுப்பு."

அக்காவின் முகம் அப்படியே விரிந்துபோயிற்று. விரியாதா? சீசன் வந்தால் மாசக்கணக்கில் அவளுக்குக் கோயில் கிடையாது. போன கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு, பாட்டுக் குழு பாடிக்கொண்டிருந்த நேரத்தில் இவள் இங்கே கழுத்துப் பட்டி அடித்துக்கொண்டே அதே பாட்டைப் பாடி அழுதவள். ஞாயிற்றுக்கிழமையைக் கொடுக்கிறேன் என்று யாராவது சொன்னால் அவள் எதைத்தான் கொடுக்க மாட்டாள்?

"ஏட்டி சித்ரா, கர்த்தரே வழி தொறந்திட்டாரு" என்று என்னிடம் வந்து குதித்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆஷாவுக்கு எந்த வழிங்க்கா தொறந்திருக்குது?" என்றேன்.

"ஆடிட்டு முடிஞ்சதும் அவளை எடுத்துக்கிடுவாவல்லா."

"இல்லாத புள்ளைய எப்படியுங்க்கா திருப்பி எடுப்பாங்க? ஆஷான்னு ஆளே இல்லைன்னு நீங்க சொல்லிப்போட்டு வந்தா, பொறவு அவ யாருங்? விரலுக்கு வைத்தியம் யாரு பாப்பாங்க?"

"என் மனசு கர்த்தருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு மிஷினை ஓட்ட ஆரம்பித்துவிட்டாள். அன்று அவள் தைத்ததில் பாதியை நான் திருப்பி எறிந்தேன். வேண்டுமென்றுதான் எறிந்தேன்.

இப்போது முதலாளியின் சேவலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஆத்தப்பன் பொங்கலூர்ப் பக்கத்து விவசாயி. கம்பெனி வைத்து கார் வாங்கினாலும் அவர் மனசு தோட்டத்தில்தான். அங்கிருந்து ஒரு கருஞ்சேவலைக் கொண்டுவந்து கம்பெனிக்குப் பின்னால் வாட்ச்மேன் ரூம் பக்கத்தில் விட்டு வைத்திருந்தார். ஆடிட்டர் பார்த்தால் சுத்தமில்லை என்று எழுதிவிடுவார், தோட்டத்துக்கே அனுப்பிவிடுங்கள் என்று அருண்பாண்டி தலைபாடாய் அடித்துக்கொண்டான். முதலாளி கேட்கவில்லை. "பெரிய கூடையாப் போட்டு மூடிப் போடு, அது பாட்டுக்குக் கெடக்கும்" என்றார். வாட்ச்மேன் கன்னையன் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் கட்டிங் வேஸ்ட் மூட்டைகளையும் அடுக்கி, உள்ளே ஒரு பொட்டு வெளிச்சம் போகாமல் செய்துவிட்டார். ஆடிட் அன்று விடிவதற்கு முன்னாலேயே அவர் மூடினது. பாவம், அந்தச் சேவலுக்குப் பொழுது விடியவே இல்லை.

ஆடிட் வந்தது பெரிய வியாழக்கிழமை அன்று. மறுநாள் புனித வெள்ளி. அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வெள்ளைச் சேலையில் வந்திருந்தாள். ஆடிட்டர் ஒரு மேடம், சென்னையிலிருந்து வந்தவர், தணிவாகப் பேசுகிறவர். ஹாலெல்லாம் பார்த்துவிட்டு, வேலையாட்களிடம் தனியாகப் பேச வேண்டும், ஆபீஸ்காரர்கள் யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்று சொல்லிப் பின்னாலிருந்த சாப்பாட்டு ஷெட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். வாட்ச்மேன் ரூமை ஒட்டித்தான் அந்த ஷெட். ஜெபக்கனி அக்காவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கூட என்னையும் இன்னும் இரண்டு டெய்லர் பெண்களையும் உட்காரச் சொன்னார்.

எட்டு மணி நேரம், ஞாயிறு லீவு, எல்லாம் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்தாயிற்று. பிறகு மேடம் அக்காவை நேராகப் பார்த்தார்.

"ஆஷான்னு ஒரு டெய்லர் இங்க வேலை பார்க்கிறாங்களாம்மா?"

"ஆஷாவா? அப்பிடி யாரும் இல்லியே மேடம்."

நான் தலைக்கு மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்தேன். மேடம் விடவில்லை.

"சிங்கர் மிஷின்ல ஒரு பொண்ணுக்கு விரல்ல ஊசி ஏறிடுச்சுன்னு கேள்விப்பட்டேனே."

"எனக்குத் தெரியாது மேடம். இங்க யாருக்கும் ஒண்ணும் ஆகல."

மேடம் லேசாகச் சிரித்தார். "உங்க பேச்சைக் கேட்டா சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கம் மாதிரி இருக்கு. எங்க அம்மாவுக்கும் அந்தப் பக்கந்தான். அந்தப் பொண்ணும் உங்க பக்கந்தானாமே. ஒரு ஊர்க்காரங்க, ஒரே லைன். உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?"

அக்காவுக்கு வேர்த்துவிட்டது. முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, குரலை உயர்த்தி, "அந்தப் பிள்ளைய எனக்குத் தெரியாது மேடம்! சத்தியமாத் தெரியாது!" என்றாள்.

கொக்கரக்கோ என்று ஒரு கூவல். ஷெட்டின் தகரமே அதிர்கிற மாதிரி.

நடந்தது இதுதான். சேவலுக்குத் தண்ணீர் காட்டலாம் என்று கன்னையன் மூட்டைகளை எடுத்துவிட்டுக் கூடையைத் தூக்கியிருக்கிறார். அது உச்சி வெயில். பாவப்பட்ட ஜீவன், ஒருவழியாகப் பொழுது விடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு கழுத்தை நீட்டிக் கூவ ஆரம்பித்தது. ஒருதரம் கூவி நிறுத்தியதா? விடிந்த சந்தோஷத்தில் விடாமல் கூவியது.

அக்கா இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு, ஏங்கி ஏங்கி, பெரிய குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். அந்தத் தொண்டையைப் பற்றித்தான் முதலிலேயே சொன்னேனே. ஹாலில் மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

மேடம் பதறிவிட்டார். "என்னம்மா ஆச்சு? சேவல்னா பயமா?"

எனக்கு அழுகையும் வந்தது, அடக்க முடியாமல் சிரிப்பும் வந்தது. "இல்லீங் மேடம். அது பேதுருங்" என்றேன்.

"யாரு பேதுரு? அவரும் இங்க வேலை செய்யறாரா?"

"அய்யோ, இல்லீங். ஏசுநாதருக்கு சிஷ்யருங். அவரை அரெஸ்ட் பண்ணிக் கொண்டுபோயிட்டாங்க. இவரைப் பார்த்து, நீயும் அவரோட ஆள்தானேன்னு கேட்டாங்க. அவரை எனக்குத் தெரியவே தெரியாதுன்னு மூணு வாட்டி சொல்லிப்போட்டாருங். மூணாவது வாட்டி, நீ பேசற பேச்சே காட்டிக் குடுக்குதேன்னு கேட்டாங்களாமாங், நீங்க கேட்ட மாதிரியேதான். ஒடனே சேவல் கூவிடுச்சுங்."

மாகாளியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கிற நான், அன்றைக்கு ஒரு ஆடிட்டருக்குக் கிறிஸ்தவ வேதம் சொல்லிக்கொண்டு நின்றேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

அக்கா எழுந்து நின்றாள். மூக்கைச் சிந்தினாள். "ஆஷாவ எனக்குத் தெரியும் மேடம்" என்றாள். "நாந்தான் அவளைக் கூட்டியாந்தேன். அவ ஆத்தாகிட்ட பொறுப்புன்னு சொல்லிட்டு வந்தேன். விரல்ல ஊசி முறிஞ்சி வீட்ல கெடக்கா. தடுப்பெல்லாம் முந்தாநாளுதான் மாட்டுனாவ. ஞாயித்துக்கிழமை லீவு தாரேன்னு சொன்னாவ மேடம், அதுக்கு ஆசப்பட்டுட்டேன். கோயிலுக்குப் போறதுக்காக அந்தப் பிள்ளைய வித்துட்டேன்."

அப்புறம் என்ன, மூடிவைத்த வாயெல்லாம் திறந்துகொண்டது. "ஆமாங் மேடம், ஆஷா இருக்கறாளுங்" என்று நான் ஆரம்பிக்க, மற்ற இரண்டு பெண்களும் சேர்ந்துகொள்ள, யார் பேசுவது என்று எங்களுக்குள்ளேயே போட்டி வந்துவிட்டது. மேடம் கையெடுத்துக் கும்பிட்டு, "ஒவ்வொருத்தராப் பேசுங்கம்மா" என்றார்.

சாயங்காலம் மேடம் கிளம்பும்போது முதலாளியிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். எல்லா மிஷினிலும் தடுப்பு நிரந்தரமாக இருக்க வேண்டும், ஆஷாவின் வைத்தியத்தைக் கம்பெனி பார்க்க வேண்டும், குணமானதும் அவளுக்கு அவள் வேலை வேண்டும், இதெல்லாம் ஆயிற்றா என்று பார்க்கத் திரும்ப வருவேன், அதற்கப்புறம்தான் அடுத்த ஆர்டர். முதலாளி முகம் சுண்டிப்போயிற்று. எங்கள் லைனுக்கு வந்தார். கோபத்திலும் அவருக்கு மரியாதை விட்டுப்போகாது.

"ஏனுங் அம்மிணி, இத்தனை வருசம் சோறு தின்ன எடத்துல இப்படிப் பண்ணிப்போட்டீங்களே? ஊட்டுக்குப் போங்க. என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

அக்கா டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அவள் வீட்டுக்குப் போனேன். கோயிலில் பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் மும்மணி தியானம் நடந்துகொண்டிருக்கும் நேரம். பிறந்ததிலிருந்து ஒரு வருஷம்கூட விடாமல் அதற்குப் போனவள் பாயில் சுருண்டு கிடந்தாள். வேலை போனதற்காகவா என்று கேட்டேன். "அது கெடக்கு" என்றாள். "ஆஷா கோயிலுக்கு வந்திருப்பாட்டி. அவ மொகத்துல எப்படி முழிப்பேன்?"

சனிக்கிழமை காலையில் கம்பெனிக்குப் போனால், முதலாளி கையில் ஸ்க்ரூ டிரைவருடன் சிங்கர் மிஷினுக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு தடுப்பாக முடுக்கிக்கொண்டிருந்தார். அருண்பாண்டி திருகாணி டப்பாவை ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடந்தான். முந்தின நாள் மத்தியானம் முதலாளி ஆஷாவைப் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தக் கையின் வீக்கத்தைப் பார்த்ததும், நம்ம பொண்ணா இருந்தா ஒளிச்சு வெச்சிருப்பமா என்று அங்கேயே கண் கலங்கிவிட்டாராம்.

என்னைப் பார்த்ததும், "ஏன் சித்ரா, ஜெபக்கனி எங்க?" என்றார்.

"நீங்கதானுங் ஊட்டுக்குப் போகச் சொன்னீங்க."

"கோவத்துல நான் ஆயிரம் சொல்லுவேன். அதுக்குன்னு வராம இருந்துபோட்டா ஓவர்லாக்கை யாரு ஓட்டறது, என்ற சம்சாரமா? நாளைக்கு அவங்க பண்டிகைதானே? யாருக்கும் வேலை இல்லைன்னு சொல்லிப்போடு. திங்கக்கிழமை நேரத்துக்கு வரச் சொல்லு. இனி ஞாயித்துக்கிழமை யாரையும் கூப்பிடறதா இல்லை. அதையும் சொல்லு."

ஹாலில் கைதட்டல் எழுந்தது. சேவலுக்கு அதற்குள் 'ஆடிட்டர்' என்று பெயர் வைத்தாயிற்று. ஆளாளுக்குச் சோறு போட்டதில் அது இரண்டே நாளில் கொழுத்துப் போயிருந்தது. "ஆடிட்டருக்குத் தண்ணி வெச்சாச்சுங்களா?" என்று முதலாளியே கன்னையனைக் கேட்டார்.

நான் ஒரு ஓட்டமாக அக்கா வீட்டுக்கு ஓடினேன். வேலையைச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையைச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்க்கா, அந்தப் பேதுருவும் இப்படியேதான் பாயில படுத்துக் கெடந்தாருங்களா?"

"என்னட்டி?"

"எந்திரிச்சு வந்தாருங்களா இல்லையா? வராம போயிருந்தா, இத்தனை வருசமா அந்தாளு பேரைச் சொல்லி எதுக்கு என்ற உசிர வாங்குனீங்க? யாருகிட்டத் தப்புப் பண்ணுனீங்களோ அவகிட்டப் போய் நில்லுங்க்கா. அவ செருப்பால அடிச்சாலும் வாங்கிக்கிட்டு வாங்க."

அக்கா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். "எனக்கே வேதம் படிச்சுக் குடுக்கியா, அவிநாசிக்காரி?" என்றாள். வியாழக்கிழமைக்குப் பிறகு அப்போதுதான் அவள் சிரித்தாள். "காலையில நீயும் கூட வா. தனியாப் போகப் பயமாருக்கு."

ஈஸ்டர் ஆராதனை விடியற்காலையில். இருட்டுப் பிரியும் நேரத்துக்கு நான் போனபோது அக்கா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். இரண்டு வீடு தள்ளிப் போக அவளுக்குக் கால் வரவில்லை. நான்தான் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனேன். ஆஷா புதுச் சுடிதார் போட்டு, தலை முடியை விரித்துப் போட்டபடி, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கூட இருக்கிற பெண்கள் முன்னாடியே கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

"ஆஷா" என்றாள் அக்கா. "ஒன்னத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்ட்டி. மூணு மட்டம்."

"கேள்விப்பட்டேன்."

"சத்தியம் வேற பண்ணேன்."

ஆஷா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "கம்பெனி செவத்துல ஆடிட்காரங்க ஒட்டியிருக்க புகார் நம்பருக்குப் பேசுனது நாந்தான் சித்தி. வேற யாருகிட்டக் கேட்டாலும் பயந்து மாத்திச் சொல்லிருவாவ, ஜெபக்கனி சித்தியக் கேளுங்க, அவியளுக்கு என்னைய விட்டுக்குடுக்கத் தெரியாதுன்னு சொன்னேன்."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். மேடம் ஏன் அவளை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"சித்தி, ஒண்ணு கேக்கேன். அந்தச் சேவல் கூவாம இருந்திருந்தா, சொல்லிருப்பியளா?"

சொல்லியிருப்பேன் என்று சொல்லித் தொலையேன், இந்த ஒரு பொய்யை எந்தச் சாமியும் கணக்கில் வைக்காது என்று நான் மனசுக்குள் தவித்தேன். அக்காவின் இடுப்பில் இடித்துக்கூடப் பார்த்தேன்.

"சொல்லிருக்க மாட்டேன்ட்டி" என்றாள் அக்கா.

தூரத்தில் கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. ஆஷா இடது கையால் பக்கத்திலிருந்த சீப்பை எடுத்தாள். அதை அக்காவிடம் நீட்டிவிட்டு, அவளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

"பின்னி விடுங்க. கூட இருக்க பிள்ளைங்க பின்னுத பின்னல் எலிவால் கணக்கா இருக்கு. நாலு பேரு முன்னால பாட்டுக் குழு மானம் போவுது."

அக்கா மண்டியிட்டு உட்கார்ந்து முடியை மூன்றாகப் பிரித்தாள். கண்ணீர் பொலபொலவென்று ஆஷாவின் உச்சந்தலையிலேயே விழுந்தது. ஆஷா அசையவில்லை.

"அழுங்க சித்தி, வேண்டாங்கல," என்றாள். "ஆனா இறுக்கிப் பின்னுங்க."